ஆவாரங்குளம் ஓடுதளத்தின் மதிப்பெண்

விமான ஓடுதள நலன் பேணும் இயக்ககத்தில் தற்காலிக விரிசல் கணக்கெடுப்பாளனாக நான் சேர்ந்தபோது இரண்டு பொருள்கள் கொடுத்தார்கள். ஒன்று, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு. மற்றது, விரிசலின் அகலத்தை அளக்கும் பிளாஸ்டிக் அட்டை. இரண்டுக்கும் கையெழுத்து வாங்கினார்கள். அட்டை தொலைந்தால் வேறு அட்டை வர எட்டு மாதம் ஆகும் என்றும், அதுவரை எல்லா விரிசல்களையும் அகலமில்லாதவையாகக் கருத வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பழைய காங்கிரீட் ஓடுதளங்களின் சேதத்தைக் கணக்கெடுத்து மதிப்பெண் போடுவது இயக்ககத்தின் வேலை. பழுது பார்ப்பது இன்னொரு இயக்ககத்தின் வேலை. அது இன்னும் தொடங்கப்படவில்லை.

ஒவ்வொரு ஓடுதளமும் நூறு மதிப்பெண்ணோடு தொடங்கும். கையேட்டில் பதினைந்து வகைச் சேதம் உண்டு. மூலை உடைவு, குறுக்கு விரிசல், சில்லாக நொறுங்கியது, அமிழ்ந்தது என்று போகும். ஒவ்வொன்றிலும் லேசு, நடுத்தரம், கடுமை. அதற்கேற்பக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எழுபதுக்கு மேல் நின்றால் ஓடுதளம் 'உயிருள்ளது'. வேலி போட்டு எடுத்துக்கொள்வோம். நாற்பதுக்குக் கீழே போனால் 'கைவிடப்பட்டது'. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டோம். இரண்டுக்கும் நடுவில் நின்றால் 'கண்காணிப்பில்'. அப்போது என்ன செய்வது என்பதை இயக்குநர் முடிவு செய்வார்.

மாசி தொடங்கும்போது என்னை ஆவாரங்குளத்துக்கு அனுப்பினார்கள். அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி, ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். யுத்த காலத்தில் அவசரமாகக் கட்டிய ஓடுதளம். கட்டி முடிப்பதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. ஒரு விமானமும் இறங்கியதில்லை. பதினைந்து அடிக்குப் பதினைந்து அடியாக ஆயிரத்து இருநூற்று நாற்பது காங்கிரீட் பலகங்கள். அலுவலகத்தில் ஸ்லாப் என்போம். ஊரில் கட்டம் என்றார்கள். மொத்தத்துக்கும் களம் என்று பெயர்.

சுற்றிலும் கரிசல். மிளகாயை அந்த மண்ணில் காயப்போட்டால் புழுதி ஏறும், இரவு ஈரத்தில் கறுக்கும். ஆகவே அறுபத்து மூன்று குடும்பங்களும் எண்பது வருடமாகக் களத்தில்தான் மிளகாயும் மல்லியும் காயவைக்கின்றன. யாருக்கு எந்தக் கட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். எங்கள் கோப்பில் இந்த இடத்துக்கு எதிரே 'ஆள் நடமாட்டம் இல்லை' என்று இருந்தது.

நான் போன காலையில் ஓடுதளம் பளபளவென்று இருந்தது. மூத்தவர் ஒருவர் எதிரே வந்தார். நல்லமுத்து என்று பெயர் சொன்னார். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர்.

"வாங்க சார். ஆபீசருங்க வாராகன்னு தாக்கல் வந்துச்சு. ரெண்டு நாளா ஊரே கூடி மெழுகி வச்சிருக்கோம். பாருங்க. ஒரு கீறல் இருக்கான்னு பாருங்க."

கீறல் இல்லை. வருடாவருடம் தை பிறந்ததும், விதை விழாமலிருக்க விரிசலிலெல்லாம் சாணியும் செம்மண்ணும் குழைத்து அடைப்பார்களாம். இந்த வருடம் அதிகாரிகளுக்காக இரண்டாம் முறை அடைத்து, மேலேயும் மெழுகி, மூலைக்கு மூலை கோலம் போட்டிருந்தார்கள்.

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம் தெளிவாக இருந்தது. 'கண்ணுக்குத் தெரியும் சேதத்தை மட்டும் பதிக. சுரண்டாதே. தோண்டாதே. தட்டிப் பார்க்காதே.' துணை இயக்குநர் கஸ்தூரி மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், எல்லா விரிசலையும் சாணி போட்டு அடைச்சிருக்காங்க."

"பதினஞ்சு வகையில சாணி இருக்கா?"

"இல்லை மேடம்."

"அப்ப சாணி சேதம் இல்லை."

"சாணிக்கு அடியில மேடம்..."

"மதன்குமார், அடியில என்ன இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்லை. நாம மேற்பரப்பு."

அட்டையை வைக்க இடம் கிடைக்கவில்லை. இணைப்புகளின் நிலை: மிகச் சிறப்பு. கோலங்களை 'ஓடுதளக் குறியீடுகள், அண்மையில் வரையப்பட்டவை' என்று பதிந்தேன். நானூற்று இரண்டாம் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேல மரம் நின்றது. மரம் பதினைந்து வகையில் வராது. பதியவில்லை. டேப்பை மட்டும் அதைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மதிப்பெண் தொண்ணூற்று நான்கு.

இயக்ககத்தின் வரலாற்றில் அதுவரை வந்த அதிகபட்சம் ஐம்பத்தெட்டு. அந்த ஓடுதளத்தில் தினமும் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் இனிப்பு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு லாரி வேலிக்கல் வந்து இறங்கியது. 'உள்ளே நுழைவது குற்றம்' என்ற பலகையை நானே நட்டேன். என் பணிப் பட்டியலில் அதுவும் இருந்தது.

மறுநாள் ஒரு பெண்மணி பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். குருவம்மாள். மூன்று ஏக்கர் மானாவாரியில் குண்டு மிளகாய். களத்தில் ஆறு கட்டம். மூன்று வருடமாக மழை ஏமாற்றி, இந்த வருடம்தான் செடி நிறையக் காய் பிடித்திருந்தது. சனிக்கிழமை மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலி ஆட்களுக்குச் சொல்லியிருந்தார்.

"தம்பி, களத்த நல்லா வச்சிருக்கோம்னு மார்க்கு போட்டீகளாமே."

"ஆமாம்மா."

"அதுக்கா வேலி?"

"ஆமாம்மா."

"கெட்டுச் சீரழிஞ்சு கெடந்தா?"

"விட்டுருவாங்க."

அவர் வேலிக்கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்க ஆபீசுக்காரங்க வீட்டுல பொண்ணு குடுக்கப் பயமா இருக்குமே தம்பி. நல்லா வச்சுக்கிட்டா புடுங்கிட்டுப் போயிருவீக."

கையேட்டை முழுதும் படித்தவன் இயக்ககத்தில் நான் ஒருவன்தான். மாலையில் செய்ய வேறு வேலை இருக்கவில்லை. நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில், பொதுமக்கள் யாரும் பதினைந்து நாளுக்குள் மறு ஆய்வு கோரலாம் என்று இருந்தது. சொன்னேன்.

"கேட்டா?"

"இன்னொரு தடவை அளப்பேன்."

"அப்ப வெடிப்பெல்லாம் தெரிஞ்சா நாப்பதுக்குக் கீழ வருமா?"

"தெரிஞ்சா வரும்."

"தெரியவச்சுருவோம்" என்றார்.

அதுவரை யாரும் மறு ஆய்வு கேட்டதில்லை என்பதால் படிவம் அச்சிடப்படவே இல்லை. நான் கையால் கோடு போட்டுக் கொடுத்தேன். கஸ்தூரி மேடம் அனுமதித்தார். ஒரு நிபந்தனை: இயக்குநரின் குழு நேரில் வந்து உறுதி செய்யும்வரை ஓடுதளத்தின்மேல் ஒரு துரும்பும் இருக்கக் கூடாது. இருந்தால் ஆய்வு செல்லாது.

அறுபத்து மூன்று குடும்பங்களும் களத்தில் இறங்கின. அரிவாள் நுனி, சிரட்டை, கட்டை விளக்குமாறு. முதல் நாள் யாருக்கும் மனம் வரவில்லை. தன் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்தவர் கட்டத்தைச் சுரண்டினார்கள். இரண்டாம் நாள் சண்டை வந்தது.

குருவம்மாளின் மகனுக்கு நல்லமுத்து தன் மகள் மாரீஸ்வரியைக் கொடுத்திருந்தார். சீதனத்தில் இரண்டு கட்டம் சேர்த்தி. 'கண்ணாடி மாதிரி கட்டம்' என்று பேச்சுவார்த்தையில் சொல்லப்பட்டிருந்தது. குருவம்மாள் சுரண்டியபோது ஒன்று மூலைக்கு மூலை பிளந்திருந்தது. மற்றது ஆறு துண்டு.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. இதான் கண்ணாடியா?"

"அது... கல்யாணத்துக்கப்புறம் வெடிப்பு விட்டிருக்கும் தங்கச்சி."

"கல்யாணமாயி நாலு வருசம். உள்ள இருக்க சாணி நாப்பது வருசத்துச் சாணி. கல்லு மாதிரி இருக்கு. இதுல ஒங்கப்பா கைரேகையே இருக்கும்."

"நீ மட்டும் என்னவாம்? ஒன் மகன் டிகிரி முடிச்சிட்டான்னு சொன்னே. ரெண்டு பேப்பர் இன்னும் பாக்கியிருக்குன்னு இப்பத்தான தெரியுது."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ரெண்டும் மெழுகி வச்சதுதான."

களம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. எண்பது வருடமாக ஒவ்வொரு குடும்பமும் தன் விரிசலை மற்ற குடும்பத்துக்குத் தெரியாமல் அடைத்து வந்திருக்கிறது. ஒரு கட்டத்தை வைத்துப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் மறுபடி பாகம் பிரிக்க வேண்டும் என்றார்கள். நான் அட்டையை வைத்து அளந்துகொண்டிருந்தேன். இரு தரப்பும் என்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். கையேட்டில் அதற்கு இடமில்லை என்றேன்.

குருவம்மாள் தன் ஆறு கட்டத்தையும் அவரே கூட நடந்து காட்டினார்.

"இது நான் வாக்கப்பட்டு வந்த வருசம் விட்டது. இது பெருமழைக்கு. இந்தா, இது மட்டும் வருசாவருசம் ஒரு வெரல் அளவு நீளுது. எழுதிக்கங்க."

எழுதினேன். குறுக்கு விரிசல், நடுத்தரம்.

"வீட்ல இருக்கவுகள ஒத்தையிலயா விட்டுட்டு வந்தீக?"

"வீட்ல யாரும் இல்லைம்மா."

"கல்யாணம்?"

"ஆச்சு. அவங்க இறந்துட்டாங்க. ஒன்றரை வருஷம்."

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பிறகு குனிந்து அடுத்த விரிசலில் கடைசி மண்ணையும் விரலால் தோண்டி எடுத்தார். "இதுவும் இருக்கு தம்பி" என்றார். எழுதினேன்.

மதிப்பெண் முப்பத்திரண்டு.

குழு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை குருவம்மாள் பழம் பறித்தார். பறித்த மிளகாயை இரண்டு நாள் குவித்து மூடிவைத்தால் நிறம் ஏறும். அதற்குமேல் வைத்தால் உள்ளே சூடேறி வெந்துபோகும், பூஞ்சணம் பிடிக்கும். ஓடுதளத்தின் ஓரத்தில், பலகைக்கு வெளியே, இடுப்பளவு குவித்து ஓலைப்பாய் போட்டு மூடினார். திங்கட்கிழமை குழு வரவில்லை. பயணப்படி உத்தரவில் ஒரு முத்திரை விட்டுப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. முத்திரை இருந்த அலமாரியின் சாவி விடுப்பில் இருந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார்கள்.

நிழலுக்காக ஓடுதளத்தின் நடுவிலேயே பந்தல் போடச் சொல்லியிருந்தார்கள். இயக்குநர் அழகுராஜா சாரின் கார் பந்தல்வரை உள்ளே வந்தது. 'துரும்பும் கூடாது' என்ற நிபந்தனை காரைக் குறிக்காது என்று கஸ்தூரி மேடம் விளக்கினார். ஊர் மொத்தமும் பந்தலைச் சுற்றி நின்றது. குருவம்மாள் முன் வரிசையில் நின்றார். அடிக்கொரு தரம் தன் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

முதலில் கஸ்தூரி மேடம் புள்ளிவிவரம் வாசித்தார்.

"பதினோரு நாளில் அறுபத்திரண்டு மதிப்பெண் குறைந்துள்ளது. அதாவது நாளொன்றுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். இதே வேகத்தில் போனால் ஆறு நாளில் ஓடுதளம் பூஜ்யத்தை அடையும். அதன்பின் எதிர்மறை."

"எதிர்மறை என்றால்?" என்று இயக்குநர் கேட்டார்.

"கையேட்டில் இல்லை சார். பக்கத்து நிலங்களையும் கெடுக்கத் தொடங்கும் என்று நினைக்கிறேன்."

இயக்குநர் குறித்துக்கொண்டார். நல்லமுத்து கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணும் கொறையல. மொதல்ல மெழுகியிருந்துச்சு. அப்புறம் சொரண்டிட்டோம். அம்புட்டுத்தான்."

"அது உங்கள் கருத்து" என்றார் இயக்குநர். எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. நான் இந்தத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை ஒரு விரிசலையும் நேரில் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். தொண்ணூற்று நான்கு என்று சொன்னவர் நம் ஊழியர். முப்பத்திரண்டு என்று சொன்னவரும் நம் ஊழியர். அதே ஊழியர். ஒன்றை நம்பினால் மற்றதை அவமதித்ததாகும். உண்மை எது என்று தேடிப் போவது சுலபம். இரண்டு தரப்பும் மனம் கோணாமல் நடப்பதுதான் நிர்வாகம். ஆகவே சராசரி. அறுபத்து மூன்று. இந்த ஓடுதளம் இன்று முதல் கண்காணிப்பில்."

அவரோடு வந்தவர்கள் கைதட்டினார்கள். கஸ்தூரி மேடம் ஆணையை வாசித்தார். இந்த நிமிடம் முதல், ஓராண்டு கழித்து மூன்றாம் ஆய்வு நடக்கும்வரை, ஆள், கால்நடை, வாகனம், விளைபொருள் எதுவும் ஓடுதளத்துக்குள் நுழையக் கூடாது. நான்காம் பிரிவு: இந்த ஆணையை இயக்குநர் உட்பட எவரும் ஓராண்டுக்குள் திருத்த முடியாது.

"நான்காம் பிரிவு என் சொந்த யோசனை" என்றார் இயக்குநர். "நாளைக்கே யாராவது வந்து நியாயத்தை எடுத்துச் சொல்லி என் மனத்தை மாற்றிவிடலாம். நானும் மனிதன்தானே. அதற்காக."

கையெழுத்துப் போட்டார். ஒரு நகலை ஊர் சார்பில் நல்லமுத்துவிடம் கொடுத்தார்கள்.

குருவம்மாள் போய்ப் பாயை விலக்கி, ஒரு கை மிளகாய் அள்ளிவந்து இயக்குநர் முன் நீட்டினார். மிளகாயிலிருந்து ஆவி வந்தது.

"சார், கைய வச்சுப் பாருங்க. அஞ்சு நாளாச்சு. வெந்துக்கிட்டு இருக்கு. பத்து நாளு மட்டும் விரிச்சுக்கிறேன். ஒரு கட்டம் குடுத்தாக்கூடப் போதும். மூணு வருசத்துக்கு இதான் சார் வெள்ளாமை."

இயக்குநர் மிளகாயைக் கவனமாகப் பார்த்தார். பிறகு கஸ்தூரி மேடத்தைப் பார்த்தார்.

"பதினைந்து வகையில் மிளகாய் வருமா?"

"வராது சார்."

"பார்த்தீர்களா அம்மா" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு.

காரில் ஏறினார். கஸ்தூரி மேடமும் ஏறினார். டிரைவர் உக்கிரபாண்டி வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் எடுத்தார். அப்போது 'டம்' என்று ஒரு சத்தம். காரின் பின்பக்கம் மறைந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஸ்லாப் நான்கு துண்டாகி நடுவில் அமிழ்ந்திருந்தது. எத்தனையோ வருடமாக மழைத் தண்ணீர் விரிசல் வழியே இறங்கி அடி மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. பின் சக்கரம் இரண்டும் பள்ளத்தில். முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில். விமானம் கிளம்பும் வாகில் கார் நின்றது.

இருவரையும் இறக்கினோம். இயக்குநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த ஸ்லாப்?"

"அறுநூற்றுப் பதினொன்று சார். சில்லாக நொறுங்கியது. கடுமை."

"மாதிரியில் இருக்கிறதா?"

ஆயிரத்து இருநூற்று நாற்பதையும் யாரும் அளப்பதில்லை. குலுக்கல் முறையில் இருநூற்று இருபது ஸ்லாபைத் தேர்ந்தெடுத்து அளப்போம். பட்டியலைப் பார்த்தேன்.

"இல்லை சார்."

"அப்படியானால் இது நடக்கவில்லை" என்றார் இயக்குநர். கொஞ்சம் நிம்மதி அடைந்ததுபோல் இருந்தது. "சரி, வண்டியை எடுங்கள்."

உக்கிரபாண்டி முடுக்கினார். முன் சக்கரம் காற்றில் சுற்றியது. எட்டுப் பேர் பிடித்துத் தூக்கினார்கள். இன்னொரு துண்டு உடைந்து கார் மேலும் ஒரு சாண் இறங்கியது.

"டிராக்டர் வச்சு இழுத்தாத்தான் சார் வரும்" என்றார் உக்கிரபாண்டி.

எல்லோரும் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். நல்லமுத்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குருவம்மாள் அவர் பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ சொன்னார். நல்லமுத்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஆணையின் நகலை எடுத்து விரித்தார்.

"சார், வண்டி எதுவும் உள்ள வரப்படாதுன்னு இருக்கே."

"அது பொதுவாகச் சொன்னது."

"கையெழுத்து இருக்கு சார். சீலு இருக்கு. நாங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சனம்."

"கிரேன் வரவழையுங்கள்."

"கிரேனும் வண்டிதான சார்."

இயக்குநர் கஸ்தூரி மேடத்திடம் திரும்பினார். "ஆணையில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடலாமா?"

"நான்காம் பிரிவு சார்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பந்தல்காரர் பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார். அவருக்குத் திருச்சுழியில் ஒரு காதுகுத்து இருந்தது. இயக்குநர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, கட்டி எண்பது வருடம் கழித்து முதன்முதலாக வந்திறங்கிய வாகனத்தைச் சுமந்து நின்ற ஓடுதளத்தைப் பார்த்தார். குருவம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது குவியலை.

"ஒரு வருசந்தான சார்" என்றார் நல்லமுத்து. "பத்திரமாப் பாத்துக்கிறோம். வெயிலுக்கு ஓலை கூடப் போட்டு வைக்கிறோம்."

"ஓலை விளைபொருள்" என்றார் கஸ்தூரி மேடம்.

என்னிடம் கையேடு இருந்தது. இருநூற்று எழுபதாம் பக்கத்தைத் திறந்து இயக்குநரிடம் கொடுத்தேன். பின்னிணைப்பு, பத்தி ஆறு. இயக்குநர் நிலையில் உள்ள அதிகாரி தாமே உடலால் உணர்ந்த சேதம், மாதிரியில் இல்லாவிட்டாலும், இருபத்தைந்து மதிப்பெண்வரை கழிக்கத் தகுதியுடையது. அதை யார் எதற்காக எழுதினார்கள் என்று தெரியவில்லை. ஏதோ ஓர் ஓடுதளத்தில் ஏதோ ஓர் இயக்குநர் தடுக்கி விழுந்திருக்க வேண்டும்.

கஸ்தூரி மேடம் குறிப்பேட்டைத் திறந்தார்.

"உணர்ந்தீர்களா சார்?"

"உணர்ந்தேன்."

"எந்த இடத்தில்?"

"இடுப்பில்."

"லேசா, நடுத்தரமா, கடுமையா?"

இயக்குநர் காரைப் பார்த்தார். "கடுமை" என்றார்.

அறுபத்து மூன்றில் இருபத்தைந்து போக முப்பத்தெட்டு. ஓடுதளம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட ஓடுதளத்தின்மேல் எந்த ஆணையும் செல்லாது. நல்லமுத்து டிராக்டரை எடுக்கப் போனார். குருவம்மாள் எழுந்து நின்றார்.

"இருங்கள்" என்றார் கஸ்தூரி மேடம். "படிவம் பதினேழு. அது கையெழுத்தானால்தான் கைவிட்டதாகும்."

பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நிரப்பினேன். ஓடுதளத்தின் பெயர். மதிப்பெண். தேதி. கடைசி வரி: 'கைவிட்டவர் பெயர், கையொப்பம்.' பேனாவை இயக்குநரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நம் துறையின் பெயரை எழுதக் கூடாது" என்றார். "ஒன்றைக் கைவிட வேண்டுமென்றால் முன்பு அதைப் பேணியிருக்க வேண்டும். இந்த ஓடுதளத்துக்கு நாம் எண்பது ஆண்டில் ஒரு சட்டி சிமெண்ட் போட்டதில்லை. இவருக்கு முன்பு ஓர் ஆளை அனுப்பிப் பார்த்ததில்லை. எந்த முகத்தோடு கைவிட்டோம் என்று எழுதுவது? தணிக்கையில் கேட்பார்கள்."

கஸ்தூரி மேடம் ஆமோதித்தார். "கைவிட்டவர் என்பவர், கடைசியாகப் பராமரித்தவர். விளக்கக் குறிப்பில் இருக்கிறது." கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "கடைசியாப் பராமரிச்சது யாரு?"

கையொப்பத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைச் சத்தமாக வாசிக்க வேண்டியது என் கடமை. வாசித்தேன்.

"கைவிட்டவருக்கும் அவரது வாரிசுகளுக்கும் இவ்விடத்தில் இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் இல்லை."

அறுபத்து மூன்று குடும்பங்களும் தரையைப் பார்த்தன. எல்லோரும்தான் மெழுகியிருந்தார்கள். டிராக்டர் வந்து ஓடுதளத்தின் விளிம்பில் நின்றது. நல்லமுத்து இறங்கவில்லை.

"எம் பேர எழுதுங்க" என்றார் குருவம்மாள்.

"தங்கச்சி, அவசரப்படாத" என்றார் நல்லமுத்து மேலேயிருந்து. "காயிதத்துல எழுதுனா ஊருக்குள்ளயும் அதான் பேச்சாகும். நாளைக்கு ஒன் பேரன் வந்து கட்டம் எங்கன்னு கேப்பான்."

"நாளைக்கு வரைக்கும் மொளகா நிக்காது அண்ணே."

"நாளைக்கு உக்காந்து பேசி, யாராச்சும் ஒருத்தர..."

"யாரு? நீங்க போடுறீகளா?"

நல்லமுத்து ஸ்டியரிங்கின் புழுதியைத் துடைத்தார்.

"நீங்க கைவிடலையேம்மா" என்றேன். என் வேலையில் நான் முதன்முதலாகச் சொன்ன கருத்து அது.

"அது எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். அவுகளுக்கு எழுதணும்ல. எழுதுங்க தம்பி."

எழுதினேன். அவர் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் கையேட்டின்மேல் படிவத்தை வைத்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் மேலொப்பம் இட்டார். சீல் வைத்தார்கள். டிராக்டர் உள்ளே வந்தது. கார் நான்கு நிமிடத்தில் வெளியே வந்தது. இயக்குநர் குருவம்மாளைப் பார்த்து, பொதுமக்களின் ஒத்துழைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். புழுதி அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மற்றவர்கள் கூடை எடுக்க ஓடினார்கள். குருவம்மாள் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளித் தூக்கிக்கொண்டு விளிம்புவரை வந்தார். அங்கேயே நின்றார்.

"தம்பி, இப்ப நான் உள்ள போகலாமா?"

படிவத்தைப் பார்த்தேன். உரிமை இல்லை என்றுதான் இருந்தது. நுழையக் கூடாது என்று இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

"போங்கம்மா."

அவர் காலைத் தூக்கி வைத்து உள்ளே போய்க் கூடையைக் கவிழ்த்தார். இரண்டு கையாலும் பரத்தினார். பாதி சிவப்பாக இருந்தது. பாதி வெளுத்து நூல் நூலாகப் பூஞ்சணம் ஓடியிருந்தது. குனிந்து ஒன்றை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தார். தூர எறிந்தார்.

"நிக்காதீக தம்பி" என்றார். "நல்லத இங்கிட்டுப் போடுங்க. மத்தத அங்கிட்டு."

நான் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை பொறுக்கினோம்.